குட்டி நாய் கட்டில், சோபா, கதவு நிலையைக் கடிக்கிறதா? அறிகுறியை வைத்துச் சரிசெய்யும் முறை

சோபா முனை கடிபட்டுக் கிடப்பதைப் பார்த்ததும் குட்டியை அதட்டுவதில் பலன் இல்லை. கடித்து முடித்துப் போய்ப் படுத்த குட்டிக்கு, இப்போது விழும் திட்டு எதற்கென்று விளங்காது. நீங்கள் உள்ளே வந்தாலே பயப்பட வேண்டும் என்று மட்டும் கற்றுக்கொள்ளும். அதற்குப் பதில் கடிபட்ட இடத்தைக் குனிந்து பாருங்கள். எதைக் கடித்தது, எந்த நேரத்தில், அப்போது பக்கத்தில் ஆள் இருந்தாரா? இரண்டு மூன்று நாள் இதை ஒரு தாளில் குறித்து வைத்தாலே பாதிக் காரணம் தெரிந்துவிடும்.

உங்கள் வீட்டு நிலைமைக்குப் பொருந்தும் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஒவ்வொன்றிலும் செலவில்லாமல் சோதிக்கக்கூடிய காரணத்தை முதலில் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போக வேண்டும். குட்டி எதையோ விழுங்கிவிட்டது என்ற சந்தேகம் இருந்தால் மட்டும், மற்றதையெல்லாம் விட்டுவிட்டுக் கடைசித் தலைப்பைப் படியுங்கள்.

## மரத்தில் சின்னச் சின்னப் பற்குழிகள், சில சமயம் லேசான ரத்தக்கறை

வயது மூன்றரை மாதத்திலிருந்து ஏழு மாதத்துக்குள் இருந்தால் காரணம் பல். 28 பால் பற்கள் உதிர்ந்து 42 நிலைப் பற்கள் முளைக்கும் காலம் இது. ஈறு அரிக்கும், வலிக்கும், எதையாவது அழுத்திக் கடித்தால் கொஞ்சம் அடங்கும். கட்டில் காலும் நாற்காலிச் சட்டமும் கதவு நிலையின் அடிப்பகுதியும் குட்டியின் வாய் உயரத்தில் முனையோடு இருப்பதால் அவைதான் முதலில் மாட்டும். தரையில் அரிசி அளவில் ஒரு பல் கிடந்தால் பதற வேண்டாம். விழுங்கியிருந்தாலும் கெடுதல் இல்லை.

ஈறுக்கு மாற்று கொடுங்கள். பழைய பருத்தித் துண்டை நனைத்து, முறுக்கி, நடுவில் ஒரு முடிச்சுப் போட்டு, ஃப்ரீசரில் மூன்று நான்கு மணி நேரம் வையுங்கள். இப்படி மூன்று துண்டு சுழற்சியில் இருந்தால் எப்போதும் ஒன்று தயாராக இருக்கும். தூங்கி எழுந்ததும் ஒன்று, சாப்பாட்டுக்குப் பின் ஒன்று, சாயங்காலம் ஒன்று. சேலத்துச் சித்திரை வெயிலில் குட்டி இதை விடவே விடாது. நூல் பிரியத் தொடங்கிய துண்டைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். குளிர வைத்த முழு கேரட்டும் நல்லது, ஆனால் சின்னத் துண்டாக மிஞ்சியதும் வாங்கிவிட வேண்டும்.

கொடுக்கும் எதையும் முதலில் நகத்தால் அழுத்திப் பாருங்கள். லேசாகவாவது பதிய வேண்டும். பதியாத கெட்டிப் பொருள் பல்லைப் பிளக்கும். வேகவைத்த எலும்பு ஊசி ஊசியாக உடையும், அது எந்த வயதிலும் வேண்டாம். பழைய செருப்பையும் கொடுக்காதீர்கள். பழைய செருப்புக்கும் நேற்று வாங்கிய செருப்புக்கும் குட்டிக்கு வித்தியாசம் கிடையாது.

காப்பி மரக் கட்டையை நாய்க்கு மெல்லக் கொடுக்கலாம் என்று கேள்விப்பட்டு, ஏற்காட்டுப் பக்கம் கவாத்து செய்து போட்ட கட்டையை எடுத்து வந்து கொடுப்பவர்கள் உண்டு. இதில் இரண்டு சிக்கல். காப்பி மரம் கெட்டி, பால் பல்லுக்கு ஆகாது. நிலைப் பல் எல்லாம் வந்த பிறகுதான் யோசிக்கவே வேண்டும். இரண்டாவது சிக்கல் இன்னும் பெரியது. தோட்டத்தில் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் வராமலிருக்கத் தண்டில் பூச்சிமருந்து அடிப்பார்கள், இலைத் துரு நோய்க்கு மயில்துத்தக் கலவை தெளிப்பார்கள். குவியலில் கிடக்கும் கட்டையில் எது ஒட்டியிருக்கிறது என்று கண்ணால் சொல்ல முடியாது. செல்லப்பிராணிக் கடையில் நாய்க்கென்றே பதப்படுத்தி விற்பதைத் தவிர வேறு காப்பிக் கட்டை வேண்டாம். காப்பிப் பழமும் கொட்டையும் நாய்க்கு நஞ்சு. களத்தில் காயப்போட்டிருக்கும் நாட்களில் குட்டியை அந்தப் பக்கமே விடாதீர்கள்.

காலுக்கு உறை போடுங்கள். பிளம்பிங் கடையில் பிவிசி குழாய்த் துண்டு கிடைக்கும். ஒன்றரை அங்குலச் சதுரக் காலுக்கு 75 மி.மீ. குழாய், இரண்டு அங்குலக் காலுக்கு 110 மி.மீ. குழாய். உயரம், குட்டி நின்றபடி எட்டும் அளவுக்கு மேல் நான்கு விரல். கட்டிலைத் தூக்கி அடியிலிருந்து மாட்டினால் குழாயைப் பிளக்க வேண்டியதில்லை. அறுத்த விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து மழுக்கிவிடுங்கள். வழவழப்பாகவும் உருண்டையாகவும் இருப்பதால் பல்லுக்குப் பிடி கிடைக்காது. குட்டி இரண்டு முறை முயன்று விட்டுவிடும். கதவு நிலைக்கு ஒரு அங்குல அலுமினிய ஆங்கிளை (L வடிவப் பட்டை) இரட்டைப்பக்க டேப்பால் ஒட்டலாம்.

பிறகுதான் ஸ்ப்ரே. சமையல் வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து தெளியுங்கள், அல்லது இதற்கென்றே விற்கும் கசப்பு ஸ்ப்ரே. முதல் இரண்டு வாரம் தினமும் அடிக்க வேண்டும். பலர் ஒரு நாள் அடித்துவிட்டு வேலை செய்யவில்லை என்கிறார்கள்; வாசனை போனதும் பயனும் போய்விடும் என்பதுதான் விஷயம். பழைய அரக்குப் பாலிஷ் போட்ட மரமாக இருந்தால் மறைவான இடத்தில் தடவி ஒரு நாள் பாருங்கள், வெளுக்கக்கூடும். மார்பிள் தரையில் சொட்டவிடாதீர்கள், கறை விழும்.

மிளகாய்த்தூளைக் குழைத்துப் பூசுவது கொடுமை. கண்ணிலும் மூக்கிலும் பட்டால் குட்டி துடித்துப் போகும். மண்ணெண்ணெய், ஃபினாயில், வேப்பெண்ணெய் மூன்றையும் குட்டி நக்கும், ஆகவே அவையும் கூடாது.

வாய்க்குள் பாருங்கள். வாரம் ஒருமுறை உதட்டைத் தூக்கிக் கோரைப்பற்களைக் கவனியுங்கள். பால் கோரைப்பல் விழாமலே பக்கத்தில் புதுப் பல் முளைத்து, ஒரே இடத்தில் இரண்டு பல் நின்றால் தானாகச் சரியாகும் என்று காத்திருக்காதீர்கள். பொமரேனியன் போன்ற சின்ன இனங்களில் இது அதிகம். மருத்துவர் மயக்கம் கொடுத்துப் பழையதை எடுக்க வேண்டியிருக்கும். தள்ளிப்போட்டால் புதுப் பல் கோணலாகி அண்ணத்தில் குத்தும். முகம் வீங்குவது, வாயில் அழுகல் நாற்றம், ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருப்பது, இவற்றில் எது இருந்தாலும் அன்றே காட்டுங்கள்.

## சாயங்காலம் ஆனால் வெறி பிடித்ததுபோல் ஓடி, சோபாவைக் குதறுகிறது

பகலெல்லாம் சாதுவாக இருந்துவிட்டு ஆறு மணிக்கு மேல் இப்படி என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது தூக்கத்தை. குட்டிக்கு ஒரு நாளில் 18 முதல் 20 மணி நேரத் தூக்கம் வேண்டும். பிள்ளைகள் பள்ளிவிட்டு வந்து தூக்கிக் கொஞ்சி, பிறகு விருந்தாளி வந்து, டிவி ஓடினால் அதற்குத் தூங்க இடமே கிடையாது. தூக்கம் கெட்ட குழந்தை அழும், குட்டி கடிக்கும்.

சோதனை எளிது. வெறி தொடங்கியதும் விளக்கை அணைத்த அமைதியான அறையில், கடித்து மெல்லுவதற்கு ஒரு பொருளோடு விடுங்கள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் சுருண்டு தூங்கினால் குறை தூக்கம்தான். மதியமும் மாலையும் ஆள் தொந்தரவில்லாத இரண்டு மணி நேரத்தை ஒதுக்கிக் கொடுங்கள், வேறெதுவும் வேண்டாம்.

தூங்காமல் இன்னும் துள்ளினால் அதற்கு வேலை போதவில்லை. இங்கே ஊருக்கு ஊர் காரணம் மாறும். சேலத்தில் ஏப்ரல், மே மாதங்களில் காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை தார்ச்சாலையில் குட்டியை நடத்த முடியாது. புறங்கையைத் தரையில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் வைக்க முடியாத தரையில் அதன் பாதம் கொப்புளிக்கும். காலை ஐந்தரைக்கும் இரவு ஏழரைக்கும் நடை வைத்துக்கொள்ளுங்கள். ஏற்காட்டில் பிரச்சினை நேர்மாறு: மழையும் பனிமூட்டமும் நாள்கணக்கில் விடாதபோது குட்டி வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கும், அந்த வாரத்தில்தான் பிரம்பு நாற்காலி போகும்.

வெளியே போக முடியாத நாளில் மூக்குக்கு வேலை கொடுங்கள். அட்டைப்பெட்டியில் டேப்பையும் ஸ்டேப்ளர் பின்னையும் அகற்றிவிட்டு, கசக்கிய செய்தித்தாளுக்கு நடுவே ஒருவேளை உலர்தீவனத்தைப் போட்டு வையுங்கள். மோந்து மோந்து தேடுவதும் குட்டிக்கு நல்ல களைப்பைத் தரும். கிழித்துத் தின்னும் குட்டியாக இருந்தால் பெட்டி வேண்டாம், மொட்டை மாடித் தரையில் தீவனத்தை இறைத்துவிடுங்கள்.

தடுப்பூசி வரிசை முடியாத குட்டியைத் தெருவில் இறக்காதீர்கள். குட்டிகளைக் கொல்லும் பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அதுவரை மாடியும் காம்பவுண்டுக்குள்ளும் போதும். வெளியே தோளில் தூக்கிக்கொண்டு வேடிக்கை காட்டலாம்.

## வீட்டில் ஆள் இல்லாதபோது மட்டும் கடிக்கிறது

இரண்டு வேறு காரணங்கள் ஒரே சேதத்தைக் காட்டும் இடம் இது. மருந்தும் வேறு வேறு என்பதால் ஊகிக்காதீர்கள். பழைய கைபேசியை அலமாரி மேல் வைத்து வீடியோ ஓடவிட்டு, வழக்கம்போல வெளியே போங்கள். முதல் முக்கால் மணி நேரம் போதும்.

கொஞ்சம் தூங்கி, எழுந்து சுற்றி, பிறகு கிடைத்ததையெல்லாம் ஒன்றொன்றாகக் கடித்தால் அது சலிப்பு. வீடு முழுவதையும் குட்டிக்குத் திறந்துவிட்டதுதான் தவறு. அடுக்களை வாசலிலோ வராந்தாவிலோ தடுப்பு கேட் போட்டு, கடிக்க மரம் இல்லாத இடமாகக் கொடுங்கள். தண்ணீர், படுக்கை, தயிர்சோறு அடைத்து உறையவைத்த ரப்பர் பொம்மை ஒன்று. அந்தப் பொம்மை நீங்கள் வெளியே போகும்போது மட்டும் வர வேண்டும், வந்ததும் எடுத்துவிட வேண்டும். தனியாக விடும் நேரத்துக்குக் கணக்கு, வயது மாதத்தோடு ஒன்று கூட்டுங்கள்: மூன்று மாதக் குட்டிக்கு அதிகபட்சம் நான்கு மணி நேரம். அதற்கு மேல் என்றால் பக்கத்து வீட்டு ஆளையாவது நடுவில் வரச் சொல்லுங்கள். சங்கிலியில் கட்டிவிட்டுப் போவது தீர்வில்லை. கயிறு சுற்றிக்கொள்ளும், கட்டிய தூணையே கடிக்கும்.

நீங்கள் படி இறங்குவதற்குள் ஊளை, எச்சில் வடிதல், நீங்கள் போன கதவையே பிறாண்டிக் கடித்தல், தீனியை ஏறெடுத்தும் பார்க்காமை என்றால் அது பிரிவுப் பயம். சேதம் கதவு நிலை, ஜன்னல் சட்டம் பக்கமே குவிந்திருக்கும். இந்தக் குட்டியைக் கூண்டில் அடைத்தால் கம்பியில் பல்லையும் நகத்தையும் உடைத்துக்கொள்ளும். அதற்குப் பதில், நீங்கள் கிளம்புவதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள். சாவியை எடுத்துவிட்டு உட்கார்ந்துவிடுங்கள். செருப்பைப் போட்டுக் கழற்றுங்கள். கதவைத் திறந்து மூடி உள்ளேயே இருங்கள். இவை குட்டிக்குப் பழகிய பிறகு ஐந்து விநாடி வெளியே, பிறகு அரை நிமிடம், இரண்டு நிமிடம். பதற்றம் தெரிந்தால் முந்தைய படிக்குத் திரும்ப வேண்டும். பழகும் வாரங்களில் உண்மையாகவே தனியாக விடாமல் இருப்பது கடினம்தான், ஆனால் ஒரு நாள் முழுக்க அலறவிட்டால் பழக்கியது அத்தனையும் போய்விடும். மூன்று வாரத்தில் முன்னேற்றம் இல்லையென்றால் அந்த வீடியோவோடு மருத்துவரைப் பாருங்கள். பயிற்சியோடு சேர்த்து மருந்தும் தேவைப்படலாம். மனிதர்களுக்கான தூக்க மாத்திரையையோ இருமல் சிரப்பையோ கொடுத்துவிடாதீர்கள்.

## எத்தனை தடுத்தாலும் அதே முனைக்கே திரும்புகிறது

கையால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பாக இருந்தால் அதுதான் காரணம். பிய்ந்த நாரும் அதில் ஊறிய எச்சில் வாசனையும் திரும்பத் திரும்பக் கூப்பிடும். பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரால் துடைத்து, காய்ந்ததும் 120 எண் உப்புத்தாள், பிறகு 220 எண். பள்ளம் ஆழமாக இருந்தால் சலித்த மரத்தூளை மரப்பசையோடு குழைத்து அடைத்து, மறுநாள் தேய்த்துச் சமன் செய்யலாம். நுரைத்து விரியும் வகைப் பசை வேண்டாம், குட்டி நக்கினால் வயிற்றுக்குள் போய் உப்பும். வார்னிஷ் வாசனை முழுதாகப் போகும்வரை குட்டி அந்த அறைக்குள் வரக்கூடாது. ஆசாரியைக் கூப்பிட்டால் கரையான் மருந்து தடவ வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கேட்காமலே தடவுவது வழக்கம்.

சோபா இடுக்கு என்றால் மெத்தையைத் தூக்கிப் பாருங்கள். முறுக்குத் தூளும் பிஸ்கட் துண்டும் கிடக்கும்.

இரண்டும் இல்லையென்றால் குட்டிக்கு நீங்கள்தான் பரிசு. அது கடித்ததும் நாலு பேர் சத்தம் போட்டு ஓடி வருகிறீர்கள் அல்லவா? அதைவிட நல்ல விளையாட்டு ஏது? துரத்தாதீர்கள், துரத்தினால் வாயில் உள்ளதை அவசரமாக விழுங்கும். "விடு" பழக்குங்கள்: வாயில் பொம்மை இருக்கும்போது வேகவைத்த ஈரல் துணுக்கை மூக்கருகே காட்டி, வாயைத் திறந்ததும் "விடு" என்று சொல்லி ஈரலைக் கொடுத்து, பொம்மையையும் திருப்பிக் கொடுங்கள். கொடுத்தால் திரும்பக் கிடைக்கும் என்ற நம்பிக்கை வந்தால்தான் ரிமோட்டையும் விடும். தினம் ஐந்து முறை, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம்.

## கடிப்பதோடு நிற்காமல் மரத்தை, சுவர்ச் சுண்ணாம்பை, மண்ணைத் தின்கிறது

பசியை முதலில் பாருங்கள். நான்கு மாதம் வரை நாளுக்கு நான்கு வேளை, ஆறு மாதம் வரை மூன்று வேளை, பிறகு இரண்டு. வெறும் பால்சோறும் தயிர்சோறும் வளரும் குட்டிக்குப் போதாது, முட்டையோ கோழியோ நல்ல குட்டித் தீவனமோ சேர வேண்டும்.

அடுத்தது குடற்புழு. பிறந்த இரண்டாம் வாரத்தில் தொடங்கி மூன்று மாதம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை மருந்து கொடுத்திருக்க வேண்டும். குட்டியைக் கொடுத்தவரிடம் இந்தக் கணக்கைக் கேளுங்கள். மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது, கண் மதிப்பில் ஊற்றக்கூடாது.

ஈறு வெளுத்திருந்தால் காத்திருக்காமல் ரத்தப் பரிசோதனை. உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம்; காதுமடல் உள்பக்கமும் விரலிடுக்கும் தடவி உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். பழைய வீட்டுக் கதவில் உரியும் எனாமல் பெயிண்டைத் தின்றிருந்தால் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள், பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம்.

## எட்டு மாதம் தாண்டியும் நிற்கவில்லை

பல் எல்லாம் முளைத்தாயிற்று, இன்னும் கடிக்கிறது என்றால் அது வாலிப வயது. ஒன்றரை வயது வரை இருக்கும், லாப்ரடாரில் அதிகம் தெரியும். கட்டில் காலுக்குப் போட்ட குழாய் உறையை எடுக்காதீர்கள். நடையைக் கூட்டுங்கள், ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் ஓடுவதற்கென்றே பிறந்த இனங்கள், தெரு முனை வரை நடந்து வருவது அவற்றுக்கு எந்த மூலைக்கும் காணாது.

## வயரைக் கடிக்கிறது

இதற்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருக்க நேரம் கிடையாது. இன்றே செய்ய வேண்டியது: சார்ஜரைச் சுவரிலிருந்து கழற்றுங்கள், ஃபிரிட்ஜ், டிவி வயரைப் பிவிசி கேசிங்குக்குள் தள்ளுங்கள், மெயின் போர்டில் 30 மில்லியாம்ப் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். ஷாக் அடித்து ஒட்டிக்கொண்டிருந்தால் மெயினை அணைக்கும்வரை குட்டியைத் தொடக்கூடாது. எழுந்து நடமாடினாலும் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும், நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வது சில மணி நேரம் கழித்தும் வரும்.

## எதையோ விழுங்கிவிட்டது

உப்புக் கரைசல் ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்பே குட்டியைக் கொன்றுவிடும். வாந்தி எடுக்க வைப்பதா வேண்டாமா என்பது மருத்துவர் முடிவு. விழுங்கி இரண்டு மணி நேரத்துக்குள் போனால்தான் பெரும்பாலும் அந்த வழியே திறந்திருக்கும்.

உடனே கிளம்ப வேண்டியவை: ரிமோட் அல்லது பொம்மையின் பட்டன் பேட்டரி, பீரோவில் போடும் அந்துருண்டை, கொசு லிக்விட், கரையான் மருந்து தடவிய மரம், கொலுசுத் திருகாணி, ஊசி நூல். மாம்பழக் காலத்தில் சேலத்து வீடுகளில் இன்னொன்று சேரும். மாங்கொட்டை வழுக்கிக்கொண்டு உள்ளே போய்க் குடலை அடைத்துவிடும். குப்பைக் கூடைக்கு மூடி போட்டு வையுங்கள்.

கயிற்றுக்கட்டில் கயிறோ மெத்தை நூலோ வாயிலிருந்தோ ஆசனவாயிலிருந்தோ தொங்கினால் இழுக்காதீர்கள். உள்ளே குடலை அறுத்துவிடும்.

எச்சில் வடிய முன்னங்காலால் வாயைத் தேய்த்துக்கொண்டே இருந்தால், கடித்த குச்சி மேல்வாயில் இரண்டு கடைவாய்ப் பற்களுக்கு நடுவே குறுக்காக மாட்டியிருக்கும். தெளிவாகத் தெரிந்து, குட்டியும் விட்டால் எடுங்கள். இல்லையென்றால் மருத்துவர் எடுக்கட்டும்.

விழுங்கியதை யாரும் பார்க்கவில்லை, ஆனால் திரும்பத் திரும்ப வாந்தி, தண்ணீர்கூடத் தங்கவில்லை, மலம் போகவில்லை, முதுகை வளைத்து நிற்கிறது என்றால் குடலடைப்பு என்றே எடுத்துக்கொண்டு எக்ஸ்ரே, ஸ்கேன் வசதி உள்ள இடத்துக்குப் போங்கள். கடித்த பொருளின் மிச்சத்தையோ மருந்து அட்டையையோ கையோடு எடுத்துப் போக வேண்டும். வழியில் பாலோ சோறோ கொடுக்காதீர்கள், அறுவைக்கு மயக்கம் கொடுக்க வேண்டியிருக்கும். சேலத்தில் அந்த நேரத்துக்கு அறுவை மருத்துவர் கிடைக்கவில்லையென்றால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை சுமார் ஐம்பது கிலோமீட்டர். ஆத்தூர் பக்கம் இருப்பவர்களுக்குத் தலைவாசல் கால்நடை மருத்துவக் கல்லூரி கிட்டம். கிளம்பும் முன் போன் செய்து, இந்த நேரத்தில் பார்ப்பார்களா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஏற்காட்டில் இருப்பவர்கள் விடியட்டும் என்று இருக்க வேண்டாம். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சேலம் சேரவே ஒரு மணி நேரம் பிடிக்கும், இரவில் பனிமூட்டம் இருந்தால் இன்னும் கூடுதல். ஆகவே மருத்துவரின் எண்ணையும் இரவில் வரக்கூடிய ஒரு வண்டிக்காரரின் எண்ணையும் குட்டியை வீட்டுக்குக் கொண்டுவரும் வாரத்திலேயே ஃபிரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டிவிடுங்கள்.